கூழைக்கடா கிளப்பின் மாமியார்

லெஸ்டர் ஜுங்கராயி மெல்பர்னில் விமானத்தை விட்டு இறங்கிய நாலாவது நிமிடத்தில் அவனுடைய மாமியார் அவனைக் கட்டிப்பிடிக்க வந்தாள்.

லெஸ்டருக்கு வயது பத்தொன்பது. கல்யாணம் ஆகவில்லை, பெண்ணும் பார்க்கவில்லை. மாமியார் வெள்ளைக்காரி. வயது ஐம்பத்திரண்டு, பெயர் பிலிப்பா. அவளுக்குப் பெண் குழந்தையே கிடையாது. இருந்தாலும் அவள் அவனுக்கு மாமியார்தான் என்பதில் சட்டப்படி ஒரு சந்தேகமும் இல்லை. சட்டம் என்றால் குர்ராஜாங் போர் சட்டம். ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தில் ஓர் ஆழ்துளைக் கிணற்றைச் சுற்றி அமைந்த பழங்குடி ஊர் அது, லெஸ்டரின் ஊர்.

குர்ராஜாங் போரில் பிறக்கிற ஒவ்வொருவருக்கும் ஓர் உறவுப்பெயர் உண்டு. ஆணுக்கு எட்டு, பெண்ணுக்கு எட்டு. இந்தப் பதினாறு பெயருக்குள் ஊரும், சுற்றியுள்ள நானூறு மைல் செம்மண்ணும் அடங்கிவிடும். பெயரைச் சொன்னால் போதும், இவர் அப்பா முறை, இவள் அக்கா முறை, இவளைக் கட்டலாம், இவனைக் கிண்டல் பண்ணலாம் என்று நாலு வயதுக் குழந்தை சொல்லிவிடும். ஜுங்கராயிக்கு நபங்கார்தி மாமியார் முறை. மாமியாரை மருமகன் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. அவள் கடைக்குள் நுழைந்தால் இவன் வாங்க வந்த மாவை வைத்துவிட்டுப் பின்வாசல் வழியே போய்விட வேண்டும். இது பகை இல்லை, மரியாதை. அதைவிடப் பெரிய மரியாதை அங்கே கிடையாது. மாமியாரைக் கண்டதும் ஓடிவிடத் தோன்றுவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். அங்கே அதை ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறார்கள்.

பிலிப்பா எப்படி நபங்கார்தி ஆனாள் என்றால், இரண்டு வருடத்துக்கு முன் அவள் குர்ராஜாங் போரில் மூன்று நாள் தங்கினாள். முதல் நாள் ஈ மொய்த்தது. இரண்டாம் நாள் அழுதாள். மூன்றாம் நாள், பக்கத்தில் உட்கார்ந்து படம் தீட்டிக்கொண்டிருந்த ஒரு நபங்கார்தி, "மூணு நாளா என் பக்கத்துலயே உக்காந்திருக்கே, அப்ப நீ என் தங்கச்சி. நீயும் நபங்கார்திதான்" என்றாள். பெயர் இல்லாத ஆளை எந்த முறையில் வைத்துப் பேசுவது என்று தெரியாததால் ஊரார் செய்கிற உபகாரம் அது. தபால்காரருக்குக்கூட ஒன்று கொடுத்திருக்கிறார்கள்.

தபால்காரர் அதோடு விட்டுவிட்டார். பிலிப்பா விடவில்லை. லெஸ்டரை ஆட எடுத்திருக்கும் ஃபென்விக் பார்க் கிளப்பில், அதாவது பந்தைக் கையில் பிடித்துக்கொண்டும் ஓடுகிற ஆஸ்திரேலியக் கால்பந்து கிளப்பில், அவள் சொந்தம், நலம், பண்பாடு ஆகிய மூன்றுக்கும் தலைமை அதிகாரி. அறைக்கதவிலும், கடிதத்தின் அடியிலும், காப்பிக் கோப்பையிலும், காரின் எண் பலகையிலும் நபங்கார்தி ஏறியது. கிளப்பின் சின்னம் கூழைக்கடா. அதன் அலகில் தொங்குவதுபோல அந்தப் பெயரை நெய்து கழுத்துத்துணி தயாரிக்கலாமா என்று ஒரு குழு யோசித்துக்கொண்டிருந்தது.

அப்படிப்பட்டவள்தான் விமான நிலையத்தில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "வாப்பா லெஸ்டர், நாந்தான் நபங்கார்தி. உனக்கு இனிமே இங்க எல்லாமே நாந்தான்" என்று வந்தாள்.

லெஸ்டர் பையைத் தூக்கி முகத்தில் வைத்துக்கொண்டு ஓடினான். எந்தப் பக்கம் ஓடுகிறோம் என்று தெரியாமல், பெட்டிகள் வந்து விழும் ரப்பர்த் திரைக்குள் புகுந்துவிட்டான். பதினோரு நிமிடம் கழித்துப் பாதுகாப்பு அதிகாரிகள் அவனை ஒரு குழந்தை வண்டிக்கும் கோல்ஃப் பைக்கும் நடுவிலிருந்து கண்டெடுத்தார்கள்.

பிலிப்பா அன்றே அறிக்கை எழுதினாள். "புதியவருக்குக் கூச்சம் அதிகம். பெண் அதிகாரிகள்மீது நம்பிக்கை வளர்க்க வேண்டியுள்ளது. வாரம் மூன்று முறை நேரில் சந்திக்கப் பரிந்துரைக்கிறேன்."

விஷயத்தை லெஸ்டர் கர்ட்டிஸிடம் மட்டும் சொன்னான். கர்ட்டிஸ் அணியில் மூத்தவன், பெர்த் பக்கத்து நூங்கார் பழங்குடி ஆள். அவன் ஊர் வழக்கம் வேறு, என்றாலும் சொன்னவுடன் புரிந்தது. புரிந்ததும் பனிக்கட்டித் தொட்டிக்குள் உட்கார்ந்தபடியே சிரிக்க ஆரம்பித்து நீலம் பாரிக்கும்வரை சிரித்தான்.

"டேய் தம்பி, ஊர்ல எவனுக்கும் கல்யாணத்துக்கு அப்புறம்தான்டா மாமியார் வருவா. உனக்குச் சம்பளத்தோட சேத்துக் குடுத்திருக்கானுங்க."

"சிரிக்காதண்ணே. கக்கூஸ் போற வழியில அந்தம்மா ரூம். நாலு நாளா நான் மைதானத்தைச் சுத்திப் போயிட்டிருக்கேன்."

"நேரா சொல்லிட வேண்டியதுதானே?"

"யாருகிட்ட?"

"அந்தம்மாகிட்..." என்று ஆரம்பித்த கர்ட்டிஸ், பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி சிரித்தான்.

ஆனால் கர்ட்டிஸ் நல்லவன். மறுநாளே பிலிப்பாவின் அறைக்குப் போய் எடுத்துச் சொன்னான். பிலிப்பா ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியும் கர்ட்டிஸ். நம்ம கையேட்டுல நாற்பதாம் பக்கம், மாமியார் விலக்கம். நான்தான் எழுதினேன். ரொம்ப அழகான வழக்கம். ஆனா அது அவங்க ஊர்ல. இது பாதுகாப்பான இடம். இங்க அவன் யாருக்கும் பயப்பட வேண்டாம்."

"பயம் இல்லம்மா. மரியாதை."

"அதைத்தான் சொல்றேன். என்கிட்ட மரியாதையெல்லாம் வேண்டாம்னு சொல்லு. நான் ரொம்ப சகஜமானவ."

சரி, முறைப்படி விலக்குக் கேட்கலாம் என்று பார்த்தால் அதற்கும் படிவம் இருந்தது. பண்பாட்டுக் காரணத்துக்காக விலக்குக் கோரும் ஆட்டக்காரர், அந்தக் காரணத்தைப் பண்பாட்டு அதிகாரியிடம் நேரில், எதிரெதிரே அமர்ந்து, பன்னிரண்டு நிமிடத்துக்குக் குறையாமல் விளக்க வேண்டும். பிரதிநிதிகளுக்கு அனுமதி இல்லை. பண்பாட்டை இன்னொருவர் வாயால் கேட்பது அவமரியாதை என்று அடிக்குறிப்பு இருந்தது.

கிளப்பில் ஒவ்வொருவருக்கும் சொந்தப் புள்ளி என்று ஒன்று உண்டு. எண்பது எடுத்தால்தான் முதல் அணியில் இடம். பிலிப்பாவோடு பேசும் நிமிடங்களை வைத்து அது போடப்படும். கண்ணாடிக் கதவுக்குத் தன் பெயரைச் சொல்லி வணக்கம் வைக்கிற ஒரு தற்காப்பு ஆட்டக்காரன் தொண்ணூற்றேழு வாங்கியிருந்தான், பந்தை மட்டும் அவனால் பிடிக்க முடியாது. லெஸ்டர் இரண்டாம் அணியில் ஆட்டத்துக்கு ஐந்து கோல் போட்டுக்கொண்டிருந்தான். சொந்தப் புள்ளி பூஜ்யம். ஒப்பந்தமோ ஒரே ஒரு வருடம். அதற்குள் முதல் அணியில் ஓர் ஆட்டமாவது ஆடாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். குர்ராஜாங் போரிலிருந்து அதுவரை ஒருவரும் அந்த ஓர் ஆட்டத்தை ஆடியதில்லை. லெஸ்டரின் அம்மா எல்சி நகமாரா வாரம் தவறாமல் போனில் கேட்டாள், "எப்போ ஆடப்போறே? வண்டிக்கு டயர் மாத்தணும், சொன்னாத்தானே மாத்த முடியும்?"

கிளப் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. வீடு விற்கும் தரகர்களுக்குக் கண்ணோடு கண் நோக்கிப் பேசக் கற்றுக்கொடுக்கும் நிபுணர் ஒருவரை வரவழைத்தது. லெஸ்டர் நிபுணரின் கண்ணைப் பார்த்தான். நிபுணரின் நாயின் கண்ணைப் பார்த்தான். சுவரில் வரைந்த கண்ணைப் பத்து நிமிடம் இமைக்காமல் பார்த்தான். தேறிவிட்டான் என்று சான்றிதழ் அச்சாகிக்கொண்டிருக்கும்போது இறுதித் தேர்வுக்காகப் பிலிப்பாவின் புகைப்படத்தை மாட்டினார்கள். லெஸ்டர் நாற்காலியோடு சேர்ந்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். நாயும் அவனோடு திரும்பிக்கொண்டது.

இதற்கிடையே மருமகனுக்குரிய கடமையை அவன் விடவில்லை. மாமியாருக்கு இறைச்சி கொடுத்தனுப்ப வேண்டும், அதுவும் வேறொருவர் கையால். கங்காரு வால் வேண்டும். மெல்பர்னில் அதை நாய்த்தீனிக் கடையில்தான் விற்கிறார்கள். அலைந்து திரிந்து நல்ல கொழுத்த வாலாக வாங்கி, கர்ட்டிஸிடம் கொடுத்து, ஊழியர் குளிர்சாதனப் பெட்டியில் அவள் பெயர் எழுதி வைக்கச் செய்தான். இரண்டு வாரத்தில் மூன்று வால்.

பிலிப்பா மூன்றாவது வாலின்போது பாதுகாப்புப் பிரிவுக்குத் தகவல் கொடுத்தாள். வெளியிலிருந்து புலனாய்வாளர் வந்தார். வால்கள் சோதனைக்கூடத்துக்குப் போயின. அவை கங்காருவுடையவை என்றும், தன்னிச்சையாக அங்கு வந்திருக்க வாய்ப்பில்லை என்றும் இருபத்தாறு பக்கத்தில் முடிவு வந்தது. லெஸ்டர் அன்று சாயங்காலம் கர்ட்டிஸிடம் கேட்டது ஒன்றுதான்.

"தின்னாங்களா?"

"இல்லடா. ஆதாரமா வெச்சிருக்காங்க."

"அவ்வளவு நல்ல வால்ண்ணே" என்றான் லெஸ்டர்.

விளையாட்டு விஞ்ஞானப் பிரிவில் மட்டும் சந்தோஷம் பொங்கியது. ஆட்டக்காரர்களின் முதுகில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி கட்டியிருப்பார்கள். யார் எங்கே எத்தனை வேகத்தில் ஓடுகிறார்கள் என்று அது சொல்லும். லெஸ்டரின் சராசரி வேகம் நன்றாகவே இருந்தது. ஆனால் பிலிப்பா இருபது மீட்டருக்குள் வரும்போதெல்லாம் அது கிளப்பின் நூற்றிருபது வருட வரலாற்றில் காணாத உயரத்துக்குப் போயிற்று. அடுத்த இரண்டாம் அணி ஆட்டத்தில் பிலிப்பாவை நம் கோல் கம்பத்துக்குப் பின்னால் நிறுத்திவைத்தார்கள், பையன் எதிராளி கம்பத்தைப் பார்த்து ஓடட்டும் என்று. ஆட்டத்தின் நாலு குவார்ட்டரில் முதலாவதில் மட்டும் ஏழு கோல். அடுத்த குவார்ட்டரில் பக்கம் மாறியதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். பந்து கையில் இருக்க, முன்னால் ஓர் ஆள்கூட இல்லாமல் இருக்க, லெஸ்டர் கம்பத்துக்கு முப்பது மீட்டரில் சடக்கென்று திரும்பி, தன் அணி ஆட்கள் பதினேழு பேரையும் தாண்டி, வந்த வழியே ஓடினான்.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை முதல் அணியில் முன்வரிசை ஆட்கள் இருவருக்கு முழங்கால் போயிற்று. பயிற்சியாளருக்கு வேறு வழியில்லை. பழங்குடியினரைச் சிறப்பிக்கும் பண்பாட்டு வார ஆட்டத்தில் லெஸ்டர் ஆடுவான் என்று அறிவித்தார். நிர்வாகக் குழு சொந்தப் புள்ளியைத் தளர்த்தியது, ஒரே நிபந்தனையோடு. முதல் ஆட்ட ஜெர்சியை மைதானத்தின் நடுவில், நேரடி ஒளிபரப்பில், பிலிப்பாவின் கையிலிருந்து லெஸ்டர் கையில் வாங்க வேண்டும். வாங்கிக் கட்டிப்பிடிக்க வேண்டும். இல்லையென்றால் ஆட்டமும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை.

லெஸ்டர் அம்மாவுக்குப் போன் போட்டான். விஷயம் முழுவதையும் அவள் அன்றுதான் கேட்டாள்.

"அட லூசுப் பயலே, இதை ஆறு மாசத்துக்கு முன்னாடியே சொல்லக் கூடாதா? அந்தப் பொம்பளைக்கு வேற பேரு குடுத்துட்டாப் போச்சு. நகமாரான்னு வெச்சுக்கட்டும், எனக்குத் தங்கச்சியாயிருவா. உனக்குச் சின்னம்மா. அப்புறம் நாள் பூரா பேசிக்கிட்டே இரு."

கர்ட்டிஸ் இந்த யோசனையைத் தூக்கிக்கொண்டு கிளப் தலைவர் ஹியூகோ பெம்பர்ட்டனிடம் ஓடினான். பெம்பர்ட்டன் காப்பீட்டுத் தொழிலில் பெரிய புள்ளி. பொறுமையாகக் கேட்டார்.

"நாங்க கேக்குற கிளப், கர்ட்டிஸ். கேக்குறதுக்குன்னே மூணு பேரைச் சம்பளத்துக்கு வெச்சிருக்கோம். ஆனா நடைமுறையையும் பாக்கணுமில்ல? நாலாயிரம் கழுத்துத்துணி அச்சாகி வந்திருச்சு. அந்தப் பேரை கிளப் பேர்ல பதிவே பண்ணியாச்சு."

"பதிவுன்னா?"

"பாதுகாக்கறதுக்குத்தான். வேற யாரும் எடுத்துத் தப்பா உபயோகிச்சிடக் கூடாதுல்ல. ஊர்க்காரங்க வழக்கம்போல வெச்சுக்கலாம், ஒரு ஆட்சேபணையும் இல்ல. ஒரு வார்த்தை எழுதிக் கேட்டாப் போதும்."

சனிக்கிழமை பகல். நாற்பத்தோராயிரம் பேர். எல்சி நகமாராவும் பத்தொன்பது உறவினரும் இரண்டு டொயோட்டாவில் மூன்று நாள் ஓட்டி வந்து சேர்ந்திருந்தார்கள். அவர்களைக் குடும்பத்தார் வரிசையில் உட்காரவைத்து, ஆளுக்கொரு கழுத்துத்துணி கொடுத்தார்கள். லெஸ்டருக்கு அண்ணன் முறையான ஒரு ஜுங்கராயி அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, அவருக்கும் அது மாமியார் முறை என்பதால், மடித்துப் பக்கத்திலிருந்த ஐஸ்கிரீம்காரரிடம் கொடுத்துவிட்டார்.

மைதானத்தின் நடுவில் பெம்பர்ட்டன் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "இந்தக் கிளப் நூத்தியிருபது வருஷமா இந்த மண்ணோட முதல் மக்களை மதிச்சுக்கிட்டு வருது. முதல் தொண்ணூறு வருஷம் தூரத்துல இருந்து மதிச்சோம். அவங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு உள்ளேயே விடல. இப்ப பக்கத்துல கூப்பிட்டு மதிக்கிறோம். இந்த மரியாதையிலிருந்து இனிமே யாரும் தப்பிக்க முடியாது."

கைதட்டல். பிலிப்பா ஜெர்சியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள். பதினைந்து மீட்டருக்கு அப்பால் லெஸ்டர் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். திரும்பினால், பத்தொன்பது உறவுகளும் பார்க்க, இனி எந்த ஊரிலும் தலைகாட்ட முடியாத வெட்கம். திரும்பாவிட்டால் டொயோட்டாவில் இருபத்தோராவது ஆளாக ஏறி வீட்டுக்கு. அவள் ஓரடி வைத்தாள். அவன் ஓரடி நகர்ந்தான். அவள் இன்னும் ஓரடி. அவனும். இப்படியே இருவரும் நடுவட்டத்தை ஒரு முறை சுற்றி முடித்துவிட்டார்கள். வர்ணனையாளர் அதை ஏதோ புராதன நடனம் என்று நேயர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எல்சி வேலியைத் தாண்டி உள்ளே வந்தாள். கையில் பாதி தின்ற மீட் பை, இறைச்சி அடைத்த பணியாரம்.

"யாரும்மா நீ?" என்றாள் பிலிப்பாவிடம்.

"நான் நபங்கார்தி."

"அது தெரியுது, நாலாயிரம் பேர் கழுத்துல தொங்குது. நபங்கார்திக்கு இங்க என்ன வேலை?"

"உங்க பையனுக்கு ஜெர்சி..."

"மருமகன் முன்னாடி மூஞ்சியைக் காட்டிக்கிட்டு நிக்கிறியே, வெக்கமா இல்ல? அவன் ஆறு மாசமா ஓடிக்கிட்டிருக்கான். நீ ஒரு நாளாவது ஓடினியா?"

பிலிப்பாவுக்கு விளங்கவில்லை. "நானா?"

"பின்ன? முறைன்னா ரெண்டு பேருக்கும்தான். நீ வந்தா அவன் விலகணும், அவன் வந்தா நீ விலகணும். அவன் மட்டும் ஓடினா அதுக்குப் பேரு முறை இல்ல, வேட்டை." எல்சி மீட் பையை ஒரு கடி கடித்துக்கொண்டாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "பேரு பாரமா இருந்தா சொல்லு, திருப்பி வாங்கிக்கிறோம். கோவமில்ல. வேணும்னா ஒழுங்கா வெச்சுக்கோ."

கையேட்டின் நாற்பதாம் பக்கம் முழுவதும் பிலிப்பாவுக்கு மனப்பாடம். மருமகன் என்ன செய்ய வேண்டும் என்று பன்னிரண்டு வரி எழுதியிருந்தாள். மாமியார் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரிகூட எழுதவில்லை என்பது நாற்பத்தோராயிரம் பேர் நடுவில் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"என்னாச்சு பிலிப்பா, போய்க் கட்டிப்பிடி," என்று பெம்பர்ட்டன் ஒலிபெருக்கியை மூட மறந்து சொன்னார்.

பிலிப்பா கழுத்துத்துணியை அவிழ்த்தாள். தலைமேல் போட்டு முகம் மறைய இழுத்துக்கொண்டாள். லெஸ்டருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஜெர்சியைப் பின்னால் நீட்டினாள். கர்ட்டிஸ் பாய்ந்து வாங்கிக்கொண்டுபோய் லெஸ்டரிடம் கொடுத்தான். லெஸ்டர் அதைத் தலைவழியே மாட்டி முகம் வெளியே வருவதற்குள் மாமியார் ஓட ஆரம்பித்திருந்தாள். முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல், குதிகால் செருப்போடு, கூழைக்கடா வேடமணிந்த ஆளை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள். குடும்பத்தார் வரிசையில் பத்தொன்பது பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சற்றுமுன் கழுத்துத்துணியை மடித்துக் கொடுத்த அண்ணன் மட்டும் முறைப்படி கண்ணை மூடிக்கொண்டு தட்டினார்.

கிளப் பதினொரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. அது அதன் வழக்கம். லெஸ்டர் மூன்று கோல் போட்டான். ஆட்டம் முடிந்து பத்திரிகையாளர்களைச் சந்தித்த பெம்பர்ட்டன், முதுகோடு முதுகாக ஜெர்சி வழங்கும் இந்தச் சடங்கை கிளப் ஆறு மாதமாகத் திட்டமிட்டதாகவும், அடுத்த வருடம் முதல் எல்லா அணிகளுக்கும் கட்டணத்தோடு கற்றுத்தரப்போவதாகவும் சொன்னார். சொந்தம் துறை அதிகாரியை ஆட்டம் முழுக்கக் காணவில்லையே என்று ஒருவர் கேட்டதற்கு, அதை விசாரித்து நடவடிக்கை எடுப்போம் என்றார்.

லெஸ்டர் சேறான ஜெர்சியைச் சலவை அறைக்கு எடுத்துக்கொண்டு போனான். அங்கே ஸ்டாவ்ரோஸ் இருந்தார். முப்பது வருடமாகக் கிளப்பின் துணிகளைத் துவைக்கிற கிரேக்கக் கிழவர்.

"மூணா? நல்லா ஆடினே," என்றார். "உன் மாமியார் இவ்வளவு நேரம் இங்கதான் இருந்துச்சு."

லெஸ்டர் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"போயிருச்சு, போயிருச்சு. நீ வர்ற சத்தம் கேட்டதும் அந்த ஜன்னல் வழியா ஏறிக் குதிச்சிருச்சு. நாலு குவார்ட்டரும் டிரையருக்குப் பின்னால குந்திக்கிட்டு ரேடியோ கேட்டுச்சு. உன் பேரு வர்றப்பல்லாம் துணியை இன்னும் இழுத்து மூடிக்கிட்டுது. ஏம்மா, ரேடியோவுக்கு என்ன கண்ணா இருக்குன்னேன். 'இருக்கட்டும் ஸ்டாவ்ரோஸ், எனக்கு இன்னிக்குத்தான் முதல் நாள்'னுச்சு."

லெஸ்டர் ஜன்னலைப் பார்க்காமல் அதன் உயரத்தை யோசித்தான். "அடி கிடி பட்டிருக்குமா?"

"செருப்பு ஒண்ணு இங்கயே விழுந்து கிடக்கு. இந்தா, குடுத்துட்டு வா."

"ஐயையோ, நான் தொடக் கூடாது. நீங்களே குடுத்துருங்க."

ஸ்டாவ்ரோஸ் முணுமுணுத்துக்கொண்டே துணிக்கூடையின்மேல் ஏறிச் செருப்பை ஜன்னல் வழியே வெளியே போட்டார். வெளியிலிருந்து, ரொம்பச் சின்னக் குரலில், ஸ்டாவ்ரோஸுக்கு மட்டுமான ஒரு நன்றி வந்தது. பிறகு ஒருவர் நொண்டிக்கொண்டே ஓடும் சத்தம். அது வாகன நிறுத்தத்தின் கடைசி மூலைக்குப் போய் அடங்கும்வரை லெஸ்டர் சுவரைப் பார்த்தபடி, சிரிப்பை அடக்கிக்கொண்டு, மரியாதையாக நின்றிருந்தான்.